சுங்கச்சாவடி யாருக்குச் சேதி சொல்கிறது?

பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம். சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போகிறவர் கடக்கும் சுங்கச்சாவடிகள் இவை. ஒவ்வொரு சாவடியைக் கடந்ததும் ஒரு கைபேசிக்குக் குறுஞ்செய்தி போகிறது. வண்டி எண், சாவடியின் பெயர், நாள், நேரம், கழித்த தொகை எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கைபேசி வண்டி ஓட்டுகிறவருடையதாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஃபாஸ்டேக் யாருடைய எண்ணில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான் சேதி போகும். அது அப்பாவாக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம், கணவனாக இருக்கலாம், முதலாளியாக இருக்கலாம்.

சுங்கச்சாவடி என்றாலே நமக்குக் கட்டணக் கொள்ளைதான் நினைவுக்கு வருகிறது. காலாவதியான சாவடியை ஏன் மூடவில்லை, உள்ளூர் வண்டிக்கு ஏன் விலக்கு இல்லை என்றெல்லாம் போராடியிருக்கிறோம். அவை நியாயமான போராட்டங்கள். ஆனால் அதே சாவடி நம்மிடமிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொள்கிறது. யார், எப்போது, எந்தத் திசையில் போனார் என்ற கணக்கு அது. அதைப் பற்றி நம் மேடைகளில் பேச்சே இல்லை. “தனியுரிமை எல்லாம் மேட்டுக்குடிக் கவலை, நமக்கு வேறு வேலை இருக்கிறது” என்று தோழர்கள் சிலர் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாதிச் சமூகத்தில் ஒருவர் எங்கே போகிறார் என்பது வெறும் தகவல் அல்ல. ஊரை விட்டு வெளியேறுகிறவரைத் துரத்திப் பிடிக்கும் கருவி அது. அதனால் பயணத் தரவின் பாதுகாப்பு சாதி ஒழிப்புக் கோரிக்கைகளில் ஒன்றாக இருக்க வேண்டும்.

தோழர் கேட்ட கேள்வி

சாதி மறுப்பு மணம் செய்யும் இணையரைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பிவைக்கும் வேலையில் இயக்கத் தோழர்களோடு நானும் சிலமுறை இருந்திருக்கிறேன். அந்த வேலைக்கு எழுதப்படாத ஒரு நடைமுறை உண்டு. கைபேசியை அணைத்து சிம்மைக் கழற்றிவிட வேண்டும். ஏ.டி.எம். பக்கம் போகக் கூடாது. ஆதார் நகல் கேட்கும் விடுதியில் தங்கக் கூடாது. எந்த நண்பருக்கும் இருக்கும் இடத்தைச் சொல்லக் கூடாது. ஒருமுறை கிளம்பும் நேரத்தில் வண்டி ஓட்ட வந்த தோழர் முன்கண்ணாடியைக் காட்டிக் கேட்டார்: “இந்த டேக் யார் நம்பர்ல இருக்கு தோழர்?”

நண்பர் ஒருவர் தன் மாமாவிடம் கேட்டு வாங்கி வந்திருந்த கார் அது. மாமாவும் பெண் வீட்டாரும் ஒரே ஊர், ஒரே சாதி. மாமா கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இரவு 11 மணிக்குத் தன் வண்டி எந்தச் சாவடியைக் கடந்தது என்று அவர் கைபேசியில் சேதி வந்து விழும். மறுநாள் ஊரே திரண்டு பெண்ணைத் தேடும்போது அந்தச் சேதியை அவர் எத்தனை நேரம் தன்னிடமே வைத்துக்கொள்ள முடியும்? வேறு வண்டி வந்த பிறகுதான் இணையர் புறப்பட்டார்கள். பல ஆண்டுகள் வாடகை வண்டி ஓட்டியவர் அந்தத் தோழர். அந்த வில்லை எப்படி வேலை செய்கிறது என்பது எங்களில் யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஒரு வில்லை, பல கைகள்

ஃபாஸ்டேக் என்பது பேட்டரி இல்லாத ஆர்.எஃப்.ஐ.டி. வில்லை. சாவடியில் உள்ள கருவி வானொலி அலையை அனுப்பும்போது அந்த அலையிலிருந்தே சக்தி பெற்றுத் தன் அடையாள எண்ணைத் திருப்பிச் சொல்லும். பணம் வில்லைக்குள் இல்லை, வங்கிக் கணக்கில் அல்லது வாலட்டில் இருக்கிறது. எனவே ஒரு 100 ரூபாய் கழிய வேண்டுமென்றால் பதிவு பல கைகள் மாற வேண்டும். சாவடியை நடத்தும் ஒப்பந்த நிறுவனம், அந்தச் சாவடிக்கான வங்கி, இடையில் என்.பி.சி.ஐ. நடத்தும் தேசிய மின்னணு சுங்க அமைப்பு, வில்லையை வழங்கிய வங்கி, மேலே தேசிய நெடுஞ்சாலை ஆணையமும் அதன் ஐ.எச்.எம்.சி.எல். நிறுவனமும். இவற்றோடு ஒவ்வொரு பாதையிலும் கேமரா வேறு.

இதிலிருந்து விலகி நிற்க வழி இருக்கிறதா? 2021 பிப்ரவரி நடுவிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம். இல்லாத வண்டிக்கு இரட்டிப்புக் கட்டணம். 2025 நவம்பர் 15 முதல் யு.பி.ஐ.யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு, ரொக்கமாகக் கட்டினால் இரண்டு மடங்கு. யு.பி.ஐ.யும் பெயர் சொல்லும் வழிதான். ஆக, பெயர் சொல்லாமல் கடக்க விரும்புகிறவருக்குத்தான் அதிகபட்சத் தண்டம். வில்லையைக் கண்ணாடியில் ஒட்டாமல் கையில் வைத்துக் காட்டினால் அதைக் கறுப்புப் பட்டியலில் சேர்ப்போம் என்று 2025 ஜூலையில் ஆணையம் அறிவித்தது. ஒரு வண்டிக்கு ஒரே வில்லை, அதற்கு உரிமையாளரின் கே.ஒய்.சி. கட்டாயம். இந்த அமைப்புக்குள் இன்று 8 கோடிக்கும் மேற்பட்ட பயனர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த கட்டமும் வந்துவிட்டது. தடுப்புக் கட்டையே இல்லாமல், ஓடும் வண்டியின் வில்லையையும் எண் பலகையையும் ஒருசேரப் படிக்கும் சாவடிக்கு 2025 ஆகஸ்டில் குஜராத்தின் சோரியாசியில் ஒப்பந்தம் போட்டார்கள். செயற்கைக்கோள் வழியாக வண்டி ஓடிய தூரத்தை அளந்து கட்டணம் வாங்க 2024 செப்டம்பரிலேயே விதிகளைத் திருத்தி வைத்திருக்கிறது ஒன்றிய அரசு. சாவடியில் மட்டும் நம்மைப் பார்த்த கண் சாலை முழுவதும் பார்க்கத் தயாராகிறது.

ஒரு தேவைக்கு எடுத்த தரவு அந்தத் தேவையோடு நிற்காது என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. சரக்கு வண்டிகளின் ஃபாஸ்டேக் பதிவு 2021இல் ஜி.எஸ்.டி.யின் இ-வே பில் அமைப்போடு இணைக்கப்பட்டது. சாலைக் கட்டணத்துக்காக எழுதிய பதிவு வரி அதிகாரியின் திரைக்குப் போனது. அதற்கு முன்பே வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் தரவுத் தொகுப்பை ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விற்றிருக்கிறது. 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் அணுகல் தந்து 65 கோடி ரூபாய் ஈட்டியதாக 2019 ஜூலையில் நிதின் கட்கரி மாநிலங்களவையில் சொன்னார். எதிர்ப்புக்குப் பிறகு 2020இல் அந்தக் கொள்கையைக் கைவிட்டார்கள். ஆனால் விற்ற தரவு விற்றதுதான்.

வண்டி ஒருவருடையது, ஓட்டுவது இன்னொருவர்

இந்த அமைப்பை வடிவமைத்தவர்கள் மனத்தில் வைத்திருந்த ஆள் யார் என்று யோசித்துப் பாருங்கள். தன் பெயரில் கார், தன் பெயரில் வங்கிக் கணக்கு, தானே ஓட்டுகிறார். அவருக்கு வரும் குறுஞ்செய்தி ஒரு வசதி. பணம் சரியாகக் கழிந்ததா என்று பார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

இந்தியச் சாலையில் ஸ்டியரிங் பிடித்திருப்பவரில் எத்தனை பேர் அப்படி? லாரி, வேன், கால் டாக்சி, ஆம்புலன்ஸ், முதலாளி வீட்டுக் கார் என்று கூலிக்கு ஓட்டுகிறவர்கள் ஏராளம். ஆர்.சி. புத்தகம் யார் பெயரில், ஸ்டியரிங் யார் கையில் என்று பிரித்துப் பார்த்தால் அந்தப் பிரிவுக்குள் நிலமும் சாதியும் தெரியும். குடும்பக் காரிலும் இதே கதைதான். மகள் ஓட்டலாம், மனைவி ஓட்டலாம். வண்டி பெரும்பாலும் ஆண் பெயரில் இருக்கும்.

கூலிக்கு ஓட்டுகிறவருக்கு அந்தக் குறுஞ்செய்தி கங்காணி. காலை 10 மணிக்கு விக்கிரவாண்டி, 12 மணிக்குத்தான் செங்குறிச்சியா, இடையில் என்ன செய்தாய் என்று போன் வரும். சாப்பிட்டார், சிறுநீர் கழித்தார், கண் அசந்ததால் ஓரமாக நிறுத்தினார். 2025 வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 8 மணி நேர வேலையையும், 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி நேர ஓய்வையும் சொன்னது. ஆனால் சாவடிப் பதிவு அந்த ஓய்வைத் திருட்டாகக் காட்டிக் கணக்குக் கேட்கப் பயன்படுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஓட்டுநர் 16 மணி நேரம் இடைவிடாமல் ஓட்டினார் என்று நிரூபிக்கவும் அதே பதிவு போதும். கூடுதல் நேரக் கூலி கேட்க அதைவிட நல்ல சான்று கிடையாது. ஆனால் அந்தப் பதிவு ஓட்டுநருக்குக் கிடைக்காது. உழைத்தவரின் பயணம், உடைமைக்காரரின் சொத்து.

காணவில்லை என்றொரு புகார்

காவல் துறை எப்படி இந்தத் தரவை அடையும் என்பதையும் பார்க்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91ஆம் பிரிவும், இப்போது அதன் இடத்தில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவும் சொல்வது ஒன்றுதான். விசாரணைக்குத் தேவை என்று ஒரு காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி கருதினால், எழுத்து மூலம் ஆணையிட்டு ஆவணங்களைக் கேட்டுப் பெறலாம். நீதிபதியிடம் போக வேண்டியதில்லை.

சாதி மறுப்பு இணையர் ஊரைவிட்டு வெளியேறியதும் முதலில் நடப்பது என்ன? “மகளைக் காணவில்லை”, “கடத்திவிட்டார்கள்” என்று ஒரு புகார். பெண்ணுக்கு 18 வயது முடிந்திருக்கும், தானே விரும்பிப் போயிருப்பாள், அது புகார் கொடுப்பவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஒரு காகிதம் போதும், தேடல் அரசுச் செலவில் தொடங்கிவிடும். கர்நாடகப் பெண் ஒருவரின் வழக்கில் இதைத்தான் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் கண்டித்தது. தான் விரும்பித் திருமணம் செய்துகொண்டதாக அவர் தெரிவித்த பிறகும், ஊருக்கு வந்து நிலையத்தில் வாக்குமூலம் தா என்று விசாரணை அதிகாரி நெருக்கினார். அந்தத் தீர்ப்பில் நீதிமன்றம் அம்பேத்கரின் சாதி ஒழிப்பு உரையை நினைவுபடுத்தியது. இத்தகைய வழக்குகளைக் கையாளக் காவலர்களுக்கு வழிகாட்டு நெறிகளும் பயிற்சியும் வேண்டும் என்றது.

காவல் நிலையம் சாதிக்கு வெளியே கட்டப்பட்ட கட்டடம் அல்ல. நிலையத்தில் இருப்பவர் பெண் வீட்டாரின் உறவினராக இருக்கலாம், ஒரே சாதிச் சங்கத்தில் இருக்கலாம், ஒன்றும் இல்லாவிட்டாலும் “பெத்தவங்க மனசு” என்று இரக்கப்படுகிறவராக இருக்கலாம். 2025 ஜூலையில் நெல்லையில் கவின் செல்வகணேஷ் கொல்லப்பட்டபோது, குற்றம் சாட்டப்பட்டவரின் பெற்றோர் இருவருமே காவல் துறையில் உதவி ஆய்வாளர்கள் என்ற செய்தி நம்மை உலுக்கியது. அந்தக் கொலைக்கும் சுங்கச்சாவடிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சீருடை போட்டதும் சாதி கழன்றுவிடாது என்பதை நினைவூட்டவே சொல்கிறேன். அந்தச் சீருடைக்குள் இருப்பவர் கையெழுத்தில் ஒரு பெண் எந்த ஊர்ச் சாலையில் இருக்கிறாள் என்பது தெரிய வரும் என்றால், அதைக் காப்பாற்ற ஒரு பூட்டு வேண்டாமா?

தரவு கசியாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அருண் ஜெட்லியின் கைபேசி அழைப்பு விவரங்களைச் சட்டவிரோதமாக எடுக்க முயன்றதாக 2013இல் டெல்லிக் காவலர் ஒருவரே கைதானார். மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவரின் விவரமே ஒரு காவலரின் எட்டும் தூரத்தில் இருந்தது. ஊரைவிட்டு ஓடும் ஒரு செவிலியரின், ஒரு மெக்கானிக்கின் விவரத்துக்கு என்ன பாதுகாப்பு?

“மறைக்க என்ன இருக்கிறது?”

தப்புச் செய்யாதவன் ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. அவர்களுக்கு ஒரு பழைய சுங்கச்சாவடியைக் காட்ட விரும்புகிறேன்.

‘வெயிட்டிங் ஃபார் எ விசா’ என்ற தன் நினைவுக் குறிப்பில் அம்பேத்கர் 1901ஆம் ஆண்டுப் பயணம் ஒன்றைச் சொல்கிறார். சிறுவன் அம்பேத்கரும் அண்ணனும் உறவுப் பிள்ளைகளும் அப்பாவைப் பார்க்கக் கிளம்பி மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். மகர்கள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்றவில்லை. இரட்டிப்புக் கூலி தந்து, பிள்ளைகளே மாட்டு வண்டியை ஓட்டிப் போக வேண்டியிருந்தது. இரவில் சுங்கம் வசூலிப்பவரின் குடிசையை அடைகிறார்கள். தாகம். தாங்கள் யாரென்று சொன்னால் தண்ணீர் கிடைக்காது என்பதால், சிறுவன் உருதுவில் பேசி முஸ்லிம் என்று சொல்லிக் கேட்கிறான். அப்படியும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் தாகத்தோடு அந்த இரவைக் கழித்தார்கள்.

அந்தச் சிறுவன் என்ன தப்புச் செய்தான்? அவன் மறைத்தது குற்றத்தை அல்ல, சாதியை. சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்ததால் மறைத்தான். யாரென்று சொல்லாமல் ஒரு சாவடியைக் கடக்கும் உரிமை, கேட்பவன் கையில் அதிகாரமும் நம் கையில் தாகமும் இருக்கும் இடத்தில் உயிர்த் தேவை. மறைக்க எதுவும் இல்லை என்று சொல்ல முடிவதே ஒரு சலுகை. தன் பெயரும் ஊரும் தெருவும் தனக்கு எதிராகத் திரும்பாது என்ற நம்பிக்கை உள்ளவர் சொல்வது அது.

இதை நம் இயக்கம் வேறொரு இடத்தில் ஏற்கெனவே புரிந்துகொண்டிருக்கிறது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், மணம் செய்ய விரும்புகிறவர்கள் 30 நாள் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும், அது அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும் என்கிறது. அந்த அறிவிப்புப் பலகை சாதிச் சங்கங்களுக்கும் மதவெறிக் கும்பல்களுக்கும் முகவரிப் பட்டியல். கேரளத்தில் அவற்றை இணையத்தில் ஏற்றுவதை 2020இல் நிறுத்தினார்கள். 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அறிவிப்பை வெளியிடுவதா வேண்டாமா என்பதை மணமக்களே முடிவு செய்யலாம் என்றது. நம்மிடம் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு இருப்பதால் பல இணையர் அந்தப் பலகையைத் தவிர்க்க முடிகிறது. முகவரியை ஊருக்குச் சொல்லும் பலகையை எதிர்க்கிற நாம், வழியை வீட்டுக்குச் சொல்லும் வில்லையை மட்டும் ஏன் கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும்?

கோகுல்ராஜ் வழக்கில் கேமராதானே சாட்சி?

இது நம் தோழர்களிடமிருந்தே வரும் கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலிலிருந்து கோகுல்ராஜ் அழைத்துச் செல்லப்பட்டதைக் கோயில் கேமரா பதிவு காட்டியது. முக்கியச் சாட்சி பிறழ்ந்தபோதும் அந்தப் பதிவு பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பதிவே இருக்கக் கூடாது என்றால் கொலைகாரன் தப்பிவிட மாட்டானா?

பதிவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேள்வி, அதைத் திறக்கும் சாவி யாரிடம், எப்போது, யார் கண்காணிப்பில் என்பதுதான். கோகுல்ராஜ் வழக்கில் பதிவு வழக்கு விசாரணையின் வழியே நீதிமன்றத்துக்கு வந்தது. குறுக்கு விசாரணையில் சோதிக்கப்பட்டது. கொலையுண்டவர் பக்கம் நின்றது. குடும்பத்துக்கு உடனுக்குடன் போகும் குறுஞ்செய்தியும், நிலையத்திலிருந்து பெண் வீட்டாருக்குக் கசியும் தகவலும் நிற்பது இதற்கு நேர் எதிர்ப்பக்கம். குற்றம் நடந்த பிறகு நீதிபதியின் ஆணையில் திறக்கும் பெட்டி வேறு. குற்றம் செய்யக் கிளம்புகிறவனுக்கு வழி காட்டும் பெட்டி வேறு. முதலாவதைக் காப்பாற்ற இரண்டாவதை மூடியே ஆக வேண்டும்.

இன்னும் கடுமையாக மூட முடியும் என்றும் சிலர் காட்டியிருக்கிறார்கள். 2005இல் லாரிகளுக்கு மின்னணு சுங்கம் தொடங்கிய ஜெர்மனி, அந்தத் தரவைக் கட்டணம் தவிர வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியது. காவல் துறைக்கும் தடை. நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிகளை நோக்கித் தொடர்ந்து துப்பாக்கியால் சுட்டுவந்த ஒருவரைத் தேடியபோதும் அந்தத் தடை நீங்கவில்லை. காவல் துறை தனியாக எண் பலகைக் கேமராக்களை வைத்து விசாரித்து 2013இல் ஆளைப் பிடித்தது. கனடாவின் ஒன்டாரியோவில் 407 நெடுஞ்சாலைக்கு, பெயர் தராமல் முன்பணம் செலுத்திப் பயன்படுத்தும் டிரான்ஸ்பாண்டர் கணக்கை 1998இலேயே வகுத்தார்கள். அதே ஆண்டு சிங்கப்பூரில் தொடங்கிய சாலைக் கட்டணத்தில் வண்டிக்குள் செருகிய பண அட்டையிலிருந்தே தொகை கழிந்தது. எனவே பெயர் தெரியாமல் கட்டணம் வாங்கத் தொழில்நுட்பம் இல்லை என்பது பொய். இல்லாதது அரசுக்கு மனம்.

மறுபக்கம் அமெரிக்கா. அங்கே ஈசி-பாஸ் சுங்கப் பதிவுகள் விவாகரத்து வழக்குகள் வரை சாட்சியாகப் போயின. நியூயார்க்கில் சாவடியே இல்லாத தெருக்களிலும் அதே வில்லையைப் படிக்கும் கருவிகளை வைத்திருந்தார்கள். போக்குவரத்து நெரிசலை அளக்கத்தான் என்றது நிர்வாகம். ஓட்டுநர்களுக்கு அது தெரியாது என்பதுதான் பிரச்சினை. சட்டம் எல்லை போடாத இடத்தில் தரவு தானாக எல்லை போட்டுக்கொள்ளாது.

நாம் கேட்க வேண்டியவை

2017இல் புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு தனியுரிமை அடிப்படை உரிமை என்றது. 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில், சாதி மறுப்பு இணையருக்குப் பாதுகாப்பு இல்லங்களும் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இந்த இரண்டு தீர்ப்புகளும் சந்திக்கும் இடத்தில்தான் நம் கோரிக்கை நிற்கிறது. 2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் போதாதா என்றால், போதாது. அதன் 17ஆம் பிரிவு குற்றத் தடுப்பு, விசாரணை என்ற பெயரில் பெரிய கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்றிய அரசு தான் விரும்பும் அரசு அமைப்புக்கு முழு விலக்கே தரலாம்.

எனவே நம் பட்டியல் தெளிவாக இருக்கட்டும்.

ஒன்று, குறுஞ்செய்தியில் தொகையும் மீதியும் போதும். சாவடியின் பெயரும் நேரமும் கட்டணத் தகராறு எழுந்து கேட்டால் மட்டுமே தரப்பட வேண்டும்.

இரண்டு, கட்டணம் தீர்ந்து, தகராறு எழுப்பும் காலமும் முடிந்ததும் பயணப் பதிவை அழிக்க வேண்டும். அந்தக் காலம் எத்தனை நாள் என்பது சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

மூன்று, காவல் துறை உட்பட எந்த அரசு அமைப்புக்கும் நீதித்துறை நடுவரின் ஆணை இல்லாமல் பயணத் தரவு கூடாது. உயிருக்கு ஆபத்து என்ற அவசரத்தில் எடுத்தால், யார் எடுத்தார், ஏன் எடுத்தார் என்பது பதிவாகி உடனே நடுவர் முன் வர வேண்டும்.

நான்கு, வயது வந்த ஒருவர் தானே விரும்பிச் சென்றதாகத் தெரிவித்த பிறகு, “காணவில்லை” வழக்கில் கிடைத்த இருப்பிடத் தகவலைப் புகார்தாரருக்கோ குடும்பத்துக்கோ சொல்வது தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும்.

ஐந்து, பெயர் தராமல் முன்பணம் செலுத்தி வாங்கும் வில்லை வேண்டும். அது வரும்வரை ரொக்கத்துக்குத் தண்டக் கட்டணம் கூடாது.

ஆறு, ஓட்டுநரின் வேலை நேரத்தைக் காட்டும் பதிவு ஓட்டுநருக்கும் கேட்டவுடன் கிடைக்க வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவை ஒன்றிய அரசு செய்ய வேண்டியவை. ஆனால் நான்காவது கோரிக்கைக்கு டெல்லியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு காவல் துறைக்கு ஒரு சுற்றறிக்கை போதும், நாளையே தொடங்கலாம். ஆணவப் படுகொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் பற்றிப் பரிந்துரைக்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக 2025 அக்டோபரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். எந்தச் சட்டம் வந்தாலும் அதில் கொலைக்குப் பிந்தைய தண்டனை மட்டும் இருந்தால் பாதிச் சட்டம்தான். கொலைக்கு முந்தைய தேடலைத் தடுக்கும் பிரிவு அதில் இருக்க வேண்டும். கைபேசி அழைப்பு விவரம், சாவடிப் பதிவு, விடுதிப் பதிவேடு மூன்றையும் சேர்த்து இருப்பிடத் தகவல் என்று வரையறுத்துப் பாதுகாக்க வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில. இரவல் வண்டி வாங்கும்போது அதன் ஃபாஸ்டேக் யார் எண்ணில் இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் வண்டியில் இன்னும் பழைய உரிமையாளரின் வில்லை ஒட்டியிருந்தால் அதை முடித்துவிட்டு உங்கள் பெயரில் புதிதாக எடுங்கள். வங்கி அறிக்கையிலும் சாவடிப் பெயர் வரும் என்பதை மறக்காதீர்கள். வண்டியை மாற்றினாலும் சாவடியில் கேமரா இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். நம் மாநிலத்தில் பெயர் கேட்காத பயணம் இன்னும் ஒன்று இருக்கிறது. பேருந்து நிலையத்தில் ஏறி, நடத்துநரிடம் சில்லறை கொடுத்துச் சீட்டு வாங்கும் அரசுப் பேருந்து. முன்பதிவு செய்யாமல் ஏறுகிறவரின் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஆபத்தில் இருக்கும் இணையருக்கு இந்த முன்னெச்சரிக்கைகள் தற்காலிகத் துணைதான். உயிர் பிழைக்க ஒருவர் இத்தனை தந்திரம் தெரிந்து வைத்திருக்க வேண்டிய நிலையை மாற்றுவது சட்டத்தின் பொறுப்பு. ஆணவப் படுகொலைத் தடுப்புச் சட்டத்துக்காகக் குரல் கொடுக்கும் அமைப்புகள், ஓட்டுநர் சங்கங்கள், மாணவர் அமைப்புகள் எல்லாம் தங்கள் மனுக்களில் இந்த ஆறு கோரிக்கைகளையும் சேர்க்க வேண்டும். சுங்கச்சாவடி முன் அடுத்த முறை போராட்டம் நடக்கும்போது, கட்டணத்தைக் குறை என்ற முழக்கத்தோடு, எங்கள் வழியை யாருக்கும் சொல்லாதே என்ற முழக்கமும் எழட்டும்.